காராங்குனிக்குப் போகாத கேசட்டுகள்

எங்கள் புளோக்குக்குக் காராங்குனிக்காரர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவார். ரப்பர் உருண்டை வைத்த ஹாரனை அமுக்கியபடியே மாடி மாடியாக நடப்பார். பழைய செய்தித்தாள், துணிமணி, ஓடாத மின்விசிறி, எதுவானாலும் சில்லறை கொடுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொள்வார். சிங்கப்பூரில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்த ஹாரன் சத்தம் சின்ன வயசை ஞாபகப்படுத்துகிறது என்பார்கள். எனக்கு அது கேட்டால் வயிற்றைக் கலக்கும். நான் உள்ளூர் ராக் குழுக்களின் பழைய கேசட்டுகளைத் தேடிச் சேர்ப்பவன். இன்றைக்கு யார் வீட்டுப் பெட்டி போகிறதோ?

2011-இல் ஒரு சனிக்கிழமை, மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய வண்டியில் செய்தித்தாள் கட்டுகளுக்கு மேலே ஒரு காலணிப் பெட்டி இருந்தது. மூடி கிழிந்து உள்ளே கேசட்டுகள் தெரிந்தன. மூன்று சிங்கப்பூர் வெள்ளி கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன். அவருக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் தந்தார்.

இருபத்திரண்டு கேசட்டுகள். பெரும்பாலானவை அந்தக் காலத்தில் எல்லா மெட்டல் பையன்களிடமும் இருந்த வெளிநாட்டுக் குழுக்கள். ஒன்று மட்டும் வேறு மாதிரி. 60 நிமிட வெற்றுக் கேசட்டில் பதிந்தது. உறை என்பது ஒளிநகல் எடுத்து மூன்றாக மடித்த காகிதம். மார்க்கர் பேனாவால் வரைந்த குழுச் சின்னம், மூன்று பாட்டின் தலைப்பு, '93' என்று ஒரு எண், கீழே ஏழு இலக்கத் தொலைபேசி எண். யார் பாடியது, யார் வாசித்தது, எங்கே பதிந்தது, ஒன்றும் இல்லை.

அந்தக் குழுவின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

ஏழு இலக்க எண் என்றால் 2002-க்கு முந்தியது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் வீட்டுத் தொலைபேசி எண்களுக்கு முன்னால் 6 சேர்த்தார்கள். நானும் 6 சேர்த்து அழைத்துப் பார்த்தேன். ஒரு சீனப் பாட்டி எடுத்தார். நான் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அவர் ஹொக்கியனில் ஏதோ சொல்ல, இருவருமே மரியாதையாக வைத்துவிட்டோம்.

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் கேசட் என்றால் சிராங்கூன் ரோட்டில் வாங்கிய இளையராஜா. அப்பா ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கத் தேக்கா ஈரச்சந்தைக்குப் போனால் கூடவே ஒரு கேசட்டும் வரும். 1995-இல், பதினான்கு வயதில், பள்ளித் தோழன் ஒருவன் என்னை ஆர்மீனியன் தெருவுக்கு இழுத்துப்போனான். எண் 45, சப்ஸ்டேஷன். பெயரே சொல்லிவிடும், ஒரு காலத்தில் அது மின்சாரத் துணை நிலையம். நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990-இல் அதைக் கலை மையமாகத் திறந்தார். பின்புறத் தோட்டத்தில் நான்கு குழுக்கள் வாசித்தன. முதல் குழுவின் முதல் பாட்டு ஒரு நிமிடம்கூட இருக்காது. முடிந்த பிறகும் காதில் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அங்கே விற்ற கேசட்டை நான்கு வெள்ளிக்கு வாங்கினேன். பேருந்துக்கு வைத்திருந்த காசு. நடந்தேதான் வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத வேண்டியதில்லை.

இதில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, சேகரிப்பவர்களுக்குள்ளும் ஒரு படிநிலை உண்டு. உச்சியில் இருப்பது அறுபதுகள். 1961-இல் இங்கிலாந்திலிருந்து கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் வந்து ஹேப்பி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் வாசித்துவிட்டுப் போனபின் கிட்டார் வாங்காத பையனே இல்லை என்று அந்தத் தலைமுறை சொல்லும். கொஞ்சம் மிகை, ரொம்ப மிகையில்லை. அதே ஆண்டு குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கி, பள்ளி இதழின் பெயரையே எடுத்து 'தி குவெஸ்ட்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள். 1964-இல் அவர்கள் வெளியிட்ட 'ஷான்டி' குரலே இல்லாத வெறும் கிட்டார் இசை. உள்ளூர்த் தரவரிசையில் பீட்டில்ஸ் பாட்டைக் கீழே தள்ளிவிட்டு முதலிடத்தில் உட்கார்ந்தது. பீட்டில்ஸ் வெறி உச்சத்தில் இருந்த ஆண்டு அது என்பதை மறக்கக்கூடாது.

அந்த இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது. முள் வைத்தால் இட்லி வேகிற சத்தம்தான் முதலில் வரும். ஆனாலும் அதன் உறையைப் பார்ப்பதே ஒரு சுகம். அந்தக் காலத்து ஏழங்குலத் தட்டுகளின் உறைகளில் பையன்கள் ஒரே துணியில் தைத்த கோட்டு சூட்டோடு, ஒரே திசையில் கிட்டாரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திருப்பினால் யார் எந்த வாத்தியம் என்பதிலிருந்து எந்தத் தொடக்கப்பள்ளியில் படித்தார்கள் என்பதுவரை இருக்கும். பட்டியல் எண் இருக்கும். இஎம்ஐ, பிலிப்ஸ் என்று பெரிய கம்பெனிகள் வெளியிட்டதால் ஆவணம் தானாகவே உண்டாகிவிட்டது. மலாய் மொழியில் பொப் யே யே, சீனத்தில் ஏ கோ கோ, இந்தோனேசியாவின் பாவேயன் தீவுக்காரர்களின் மொழியில் பாடிய ஸ்வாலோஸ் குழு என்று எதை எடுத்தாலும் தட்டு கிடைக்கும், தகவலும் கிடைக்கும். ஜோசப் பெரேரா போன்றவர்கள் அந்தத் தலைமுறையைத் தேடிப்போய்ப் பேசிப் புத்தகங்களும் எழுதிவிட்டார்கள்.

அந்த அலை ஏன் வடிந்தது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பிரிட்டிஷ் ராணுவ முகாம்கள் 1971-இல் மூடப்பட்டதைத்தான் நான் முதலில் வைப்பேன். செம்பவாங், சாங்கி, தெங்கா முகாம்களின் மனமகிழ் மன்றங்கள் பல குழுக்களுக்கு வாரச் சம்பளம் தந்த இடங்கள். அது போனது. ஞாயிறு மதியத் தேநீர் நடனங்களும் போயின. பிறகு நீளமுடிக்கு எதிரான இயக்கம் வந்தது. அரசு அலுவலகங்களில் 'நீளமுடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை' என்று சுவரொட்டி. எது நீளமுடி என்பதற்குப் படம் போட்டு விளக்கம் வேறு: புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால். எங்கள் பெரியப்பாவுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. தபால் நிலைய வரிசையில் அவரைப் பின்னால் போகச் சொன்னார்களாம். இப்போது அவருக்கு வழுக்கை. கேட்டால் சிரிப்பார்.

நான் தேடுவது உச்சியில் இருப்பதை அல்ல. அடியில் கிடப்பதை.

எண்பதுகளில் மறுபடி பொறி பற்றியது. 1983-இல் ஸிர்கான் லவுஞ்ச் என்ற குழு 'ரீகல் விகர்' வெளியிட்டது. அதன் பாடகர் கிறிஸ் ஹோ, எக்ஸ் ஹோ என்ற பெயரிலும் வானொலியிலும் இந்த ஊரைப் பல ஆண்டுகள் சீண்டிக்கொண்டே இருந்தவர், 2021-இல் காலமானார். 1985-இல் 'பிக் ஓ' இதழ் ஒளிநகல் தாள்களாகத் தொடங்கியது. 'கிழவனாகும் முன்' என்ற பொருளில் வைத்த பெயரின் சுருக்கம் அது. உள்ளூர்க் குழுக்களைப் பற்றி அக்கறையாக எழுதினார்கள், அவர்கள் பாட்டைக் கேசட்டாகவும் குறுந்தட்டாகவும் தொகுத்துத் தந்தார்கள். 1991-இல் தி ஆட்ஃபெல்லோஸ் குழுவின் 'டீனேஜ் ஹெட்' வந்து, 'ஸோ ஹேப்பி' பாட்டு வானொலியில் முதலிடத்துக்குப் போனது. 1994-இல் ஹம்ப்பேக் ஓக் குழுவின் முதல் தொகுப்பு. இவையெல்லாம் பெயர் உள்ளவை. கொஞ்சம் அலைந்தால் கிடைக்கும்.

இவற்றுக்குக் கீழே ஒரு உலகம் இருந்தது. ஐம்பது பிரதி, முப்பது பிரதி. இரண்டு கேசட் போடும் ரேடியோவில் வீட்டு வரவேற்பறையில் ஒவ்வொன்றாகப் பதிந்து, பள்ளிக்கூடத்துப் பக்கத்து ஒளிநகல் கடையில் உறை அடித்து, நிகழ்ச்சிக்கு வந்தவர்களிடம் விற்றவை. பங்க், ஹார்ட்கோர், கிரைண்ட் என்று வேகமும் இரைச்சலுமான ராக் வகைகள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் ஸ்லாம் டான்ஸிங் என்ற ஆட்டத்துக்குத் தடை வந்தபோது செய்தித்தாள்கள் இந்தப் பையன்களைப் பற்றிப் பயந்துபோய் எழுதின. அவர்களின் பாட்டைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆட்டத்துக்குத் தடை என்றால் பாட்டை நின்றபடிதான் கேட்க வேண்டும். 1995-இல் நான் பார்த்தபோது எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்ததன் காரணம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. இதுதான் பங்க் மரபு போலிருக்கிறது என்று அப்போது நினைத்திருந்தேன்.

இந்தக் கேசட்டுகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் காணாமல் போகின்றன? விற்கும்போதே குறைவு என்பது ஒரு பதில். என் அனுபவத்தில் அது பாதிப் பதில்தான்.

மீதிக்கு இரண்டு காரணம். முதலாவது தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவச் சேவை. இங்கே ஒரு குழுவின் ஆயுளைத் தீர்மானிப்பது திறமையோ சண்டையோ அல்ல, பிறந்த தேதி. பதினைந்து பதினாறு வயதில் சேர்வார்கள். பதினெட்டில் ஒவ்வொருவராக ராணுவத்துக்குப் போவார்கள், அதுவும் ஒரே நேரத்தில் அல்ல. முதலில் டிரம்மர், நான்கு மாதம் கழித்துப் பாடகர், பாலிடெக்னிக் படித்த கிட்டாரிஸ்ட் இன்னும் ஓராண்டு கழித்து. அந்தக் காலத்தில் பதவிக்கேற்ப இரண்டு அல்லது இரண்டரை ஆண்டு. கடைசி ஆள் வெளியே வரும்போது முதல் ஆள் வேலைக்குப் போய்க் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் பதிவு செய்திருப்பார். என் பெட்டியில் உள்ள டெமோ கேசட்டுகளில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் ராணுவத்துக்குப் போவதற்கு முந்தின வாரங்களில் பதியப்பட்டவை. குழுக்கள் வாசித்துப் பழக மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் அறையில், ஒரே மூச்சில், தப்பு வந்தாலும் நிறுத்தாமல். கேட்டாலே அந்த அவசரம் தெரியும். அந்தத் தடையைத் தாண்டியவர்களும் உண்டு. வோர்ம்ராட் என்ற மூவர் குழு 2007-இல் ராணுவச் சேவை முடிந்த கையோடு தொடங்கியது. 2010-இல் இங்கிலாந்தின் இயர்ஏக் நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. 2017-இல் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்தார்கள். 2012-இல் பிரான்சில் ஒரு பண்ணையில் அவர்கள் வாசித்தபோது முன்வரிசையில் நின்று கேட்ட பிக்கெட் என்ற ஆட்டின் படம் உலகம் சுற்றியது. கிரைண்ட் இசையை முன்வரிசையில் நின்று நிதானமாகக் கேட்ட ஒரே பிறவி அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம் வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு. மூன்றறை வீட்டில் ஆறு பேர். பரண் கிடையாது, கொல்லை கிடையாது. புது வீடுகளில் வீட்டுக் கிடங்கு என்பது குண்டு வெடித்தால் ஒளிந்துகொள்ளும் அறை; அதில் அரிசி மூட்டையும் பிள்ளைகளின் சைக்கிளும். பிள்ளை கல்யாணமாகிப் போனால் அவன் அறையை அம்மா துப்புரவாக்குவார். பழைய கட்டடத்தை இடித்துப் புதியதற்கு மாற்றினால் ஒரே வாரத்தில் முப்பது ஆண்டுச் சாமான் கீழே போகும். இந்த ஊரில் எதையும் வைத்துக்கொள்ள இடம் இல்லை, அதனால் எதையும் வைத்துக்கொள்ளும் பழக்கமும் இல்லை. கீழே போனது முன்பெல்லாம் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் தலைகாட்டும். நானும் அங்கே தரையில் குந்திக் குந்தியே முட்டி வலி வாங்கியவன். 2017 ஜூலை 10-ஆம் தேதி அந்தச் சந்தையையும் மூடிவிட்டார்கள். கடைசி நாளில் நான் வாங்கியது ஒரு டார்ச் லைட். கேசட் ஒன்றும் கிடைக்கவில்லை.

சப்ஸ்டேஷன் தோட்டம் அதற்கு முன்பே உணவகத்துக்குப் போய்விட்டது. 2021-இல் கட்டடத்தையும் விட்டு வெளியேறினார்கள்.

இந்த விஷயத்தைத் தமிழில் எழுதுவானேன் என்று ஒரு நண்பர் கேட்டார். நம் ஆட்களுக்கும் ராக்குக்கும் என்ன தொடர்பு என்பது கேள்வியின் உட்பொருள். அவருக்கு ருத்ராவைப் போட்டுக் காட்டினேன். 1992-இல் தொடங்கிய, இந்தியர்கள் கூடி உருவாக்கிய டெத் மெட்டல் குழு. முதல் தொகுப்பு 1998-இல். பிறகு 2003-இல் 'குருக்ஷேத்ரா', 2005, 2009, 2011 என்று மூன்று பாகமாக 'பிரம்மவித்யா'. தங்கள் இசைக்கு வேத மெட்டல் என்று பெயர். பாடகர் கதிர் வேதாந்தம் கற்பிக்கிறவர். அவர்கள் பாட்டில் சமஸ்கிருத மந்திரம் மேளம்போல அடிக்கும் டிரம்ஸுக்கு நடுவே எழும். முதன்முதலில் அதை வீட்டில் போட்டபோது அம்மா அடுப்படியில் இருந்தார். மந்திரத்தைக் கேட்டதும், "பரவாயில்லையே, சாமி பாட்டெல்லாம் கேக்குற" என்றார். பத்து விநாடி கழித்து டிரம்ஸ் இறங்கியது. கரண்டியோடு ஓடிவந்தார். "டேய், யாரடா அது, பேய் பிடிச்ச மாதிரி கத்துறது? நிப்பாட்டு, பக்கத்து வீட்டுல என்ன நெனைப்பாங்க!"

ருத்ராவுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு, அவர்களுடைய ஆவணம் பத்திரமாக இருக்கும். எனக்கு உறுத்துவது வேறு. தொண்ணூறுகளின் ஒளிநகல் துண்டறிக்கைகளில், நிகழ்ச்சிப் புகைப்படங்களில், பின்னால் டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஒலிப்பெருக்கி தூக்கிக்கொண்டு, அடிக்கடி ஒரு தமிழ்ப் பையன் தெரிவான். பெயர் இருக்காது. மலாய், சீன, யூரேசியப் பையன்களுக்கும் பெயர் இருக்காது, அது வேறு விஷயம். இவர்களுடைய வீட்டில் கேட்டிருந்தால் பிள்ளை டியூஷனுக்குப் போயிருக்கிறான் என்று சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

அடுத்த தலைமுறையாவது தப்பித்தது என்று நினைத்திருந்தேன். இணையம் வந்துவிட்டதே. 2005 வாக்கில் உள்ளூர்க் குழுக்கள் எல்லாம் மைஸ்பேஸ் இணையதளத்தில் பாட்டை ஏற்றின. 2019-இல் அந்த நிறுவனம், சேவையகம் மாற்றும்போது 2015 வரை ஏற்றப்பட்டவை போய்விட்டன என்று ஒரு வரியில் சொல்லிவிட்டது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள். அதில் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக யாரோ எப்போதோ இறக்கி வைத்திருந்ததால் மீண்டன. 1964-இல் வந்த ஏழங்குலத் தட்டு என் அலமாரியில் இட்லி வேகிற சத்தத்தோடு ஓடுகிறது. 2006-இல் என் நண்பன் குழு பதிந்த ஐந்து பாட்டு அவனிடமே இல்லை. ஆக இப்போது நான் பழைய வன்தட்டுகளையும் வாங்குகிறேன். மனைவி இதை இன்னும் முழுசாக அறியார்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், யாராவது ஒருவருக்காவது பயன்படும்.

நம் ஊர் வெக்கையில் கேசட்டின் முதல் எதிரி பூஞ்சை. நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள்போலத் தெரிந்தால் ஓடவிடாதீர்கள். இயந்திரத்தின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். புகைப்படக்காரர்கள் கேமரா வைக்கும் உலர்பெட்டி ஒன்று வாங்கினேன். ஈரப்பதம் 45 சதவீதத்தில் நிற்கும். இரண்டாவது எதிரி, நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு. அதன் பசை காய்ந்து விழுந்துவிட்டால் ஒலி அடங்கிப்போகும். பலர் நாடாவே கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வேறொரு கூட்டுக்கு மாற்றினால் போதும், பாட்டு உயிரோடு வரும். மூன்றாவது சங்கதி அசிமத். பதிந்த இயந்திரத்தின் தலை எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்ததோ அதே கோணத்தில் நம் இயந்திரத்தின் தலையையும் சாய்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். சிம்பல் சத்தம் கூர்மையாகும்வரை முடியளவு முடியளவாகத் திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் பதிந்த கோப்புகளைக் கேட்டுவிட்டு அந்தக் காலத்துப் பையன்களுக்கு ஒலிப்பதிவே தெரியாது என்று சொல்வது அநியாயம்.

அதைவிடப் பெரிய அநியாயங்களை நானே செய்திருக்கிறேன். ஆரம்ப ஆண்டுகளில் எனக்குச் சுத்தம்தான் முக்கியம். கேசட் கூட்டில் ஒட்டியிருந்த விலைச் சீட்டுகளை வெந்நீரில் ஊறவைத்து உரித்தேன். எந்தக் கடை, எவ்வளவு விலை என்பது அதோடு போயிற்று. உறைக்குள் மடித்து வைத்திருந்த நிகழ்ச்சித் துண்டறிக்கைகளைத் தனியாக எடுத்து ஒரு கோப்பில் அடுக்கினேன். எது எந்தக் கேசட்டுக்குள் இருந்தது என்று குறிக்கவில்லை. கூடு மாற்றியபோது பழைய கூட்டைக் குப்பையில் போட்டேன், அதில் பென்சிலால் யாரோ ஏதோ எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டே போட்டேன். கணினிக்கு மாற்றும்போது பாட்டுக்கு முன்னால் வரும் இரைச்சல், இருமல், கிட்டார் சுருதி சேர்க்கும் சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். பாட்டு மட்டும் மிஞ்சியது. தோல் உரித்த ஆரஞ்சுபோல அழகாக இருந்தது.

அந்தக் காலணிப் பெட்டிக் கேசட்டையும் அப்படித்தான் செய்தேன். மூன்று பாட்டு, மூன்று கோப்பு.

குழுவைக் கண்டுபிடிக்க ஏழு ஆண்டு ஆயிற்று. பெனின்சுலா கடைத்தொகுதியில் கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவரிடம் வேறு வேலையாகப் போயிருந்தபோது கைப்பேசியில் அந்த உறையின் படத்தைக் காட்டினேன். பாட்டைக் கேட்கவில்லை, சின்னத்தைப் பார்த்தார். "இந்த 'எஸ்' எழுத்தை இப்படி வளைக்கிற ஆள் ஒருத்தர்தான்" என்று ஓர் எண்ணைக் கொடுத்தார். அழைத்தேன். அந்த ஆள் டிரம்மர். தமிழர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர்.

வீட்டுக்கு வந்தார், ஒரு பை நிறையக் கறிபஃப் வாங்கிக்கொண்டு. பொறுப்பான அரசாங்க வேலை, இரண்டு பிள்ளைகள். முதலில் சொன்னது, "தம்பி, எங்கயும் பேரு மட்டும் போட்டுறாதீங்க. ஒன்னும் பயமில்ல. சும்மா, வேணாம்." சரி அண்ணே என்றேன். கேசட்டைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவரிடம் ஒரு பிரதிகூட இல்லை. அந்தத் தொலைபேசி எண் பாடகர் வீட்டினுடையது, அந்தப் புளோக்கையே இடித்துவிட்டார்கள்.

கணினியில் முதல் பாட்டைப் போட்டேன். பாதியில் கையை உயர்த்தினார்.

"எண்ணுறது எங்க?"

"என்னண்ணே?"

"பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி எண்ணுவோம்ல. ஒன்னு ரெண்டு மூணு நாலு. தமிழ்ல. அது இல்லையே."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. வெட்டியது நான்தான். நல்லவேளை, நாடா உலர்பெட்டியில் இருந்தது. இயந்திரத்தைத் துடைத்து, கேசட்டை வைத்து, முதலிலிருந்து ஓடவிட்டேன். இரைச்சல். யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். யாரோ ஹொக்கியனில் திட்டுகிறார்கள், இரண்டு பேர் சிரிக்கிறார்கள். பிறகு குச்சியைக் குச்சியோடு தட்டும் சத்தத்துக்கு மேலே ஒரு குரல், அவசர அவசரமாக: ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு.

"நீங்கதானா அது?" என்றேன்.

"நானா? இல்ல தம்பி. கிட்டாரிஸ்ட். மலாய்க்காரப் பையன். அவனுக்குத் தமிழ்ல தெரிஞ்சது அந்த நாலு வார்த்தைதான், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ரெண்டாவது பாட்டுல நான் எண்ணுவேன் பாருங்க, மலாய்ல. சத்து, துவா, தீகா, அம்பாட். அவங்கம்மா கேட்டுட்டு ரொம்பச் சிரிச்சாங்க."

இரண்டாவது பாட்டுக்கு ஓட்டினேன். இருந்தது.

மூன்றாவது பாட்டுக்கு யாரும் எண்ணவில்லை. அதற்குள் அறை வாடகை நேரம் முடிந்துவிட்டதாம், கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம். அந்தத் தட்டலும் நாடாவில் இருக்கிறது. இத்தனை நாள் அதை டிரம்ஸில் ஒரு தப்பு என்று நினைத்திருந்தேன்.

போவதற்கு முன் பென்சில் கேட்டார். உறையைப் பிரித்து வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி, நான்கு பெயரையும் வாத்தியத்தையும் எழுதினார். தன் பெயரையும்தான். யார் எப்போது ராணுவத்துக்குப் போனது என்று பக்கத்தில் மாதம் வருடத்தோடு குறித்தார். பாடகர் பெயருக்கு நேராக மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இறந்த ஆண்டை எழுதினார். அந்த 'எஸ்' அப்படியே வளைந்திருந்தது.

மீதமிருந்த கறிபஃப் இரண்டை அம்மாவுக்கு எடுத்து வைத்தேன். உறையை மடித்துக் கேசட்டுக்குள் வைத்து உலர்பெட்டியில் பூட்டினேன். கணினியில் அந்த மூன்று கோப்பையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை வெட்டாமல் மறுபடி பதிந்தேன். 31 நிமிடம். அதில் பாட்டு 7 நிமிடம்.